விளிம்புச் சூடு

மார்ச் பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு, செம்புச் சுரங்கத்தை ஒட்டிய உருக்காலையின் இரண்டாம் உலைக்கூடத்தில் மூன்றாம் எண் லேடில் வெடித்தது. இருவர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். ஏழு பேருக்குத் தீக்காயம்.

லேடில் என்பது உலையிலிருந்து வழியும் செம்பை ஏந்திக்கொள்ளும் இரும்புத் தொட்டி. ஓர் ஆள் உள்ளே இறங்கி நின்றால் தலை மட்டும் வெளியே தெரியும். இரும்பு உருகிவிடாமல் இருக்க உட்புறம் முழுக்க நெருப்பைத் தாங்கும் சாந்து பூசியிருப்பார்கள். அன்று அந்தச் சாந்தின் அடியில் ஈரம் இருந்தது. ஒரு கைப்பிடி ஈரம் போதும். அது ஆவியாகி வெளியேற வழி தேடும்போது மேலே இருக்கும் செம்பு முழுவதையும் தூக்கி எறிந்துவிடும். அன்று கூரைத் தகரம் வரை போன செம்பு, மழையாக இறங்கியது.

இறந்தவர்களில் ஒருவர் உலைவாய் திறப்பவர். தலையில் ஒரு முடி கிடையாது என்பதால் மொட்டை. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மற்றவன் கிரேன் கொக்கியை லேடிலின் காதுகளில் மாட்டிவிடுகிறவன். கொக்கி என்பதே அவன் பெயராகிவிட்டது. புதிதாகக் கல்யாணமானவன். மொட்டை முகத்தைப் பொத்தியபடி நின்ற இடத்திலேயே விழுந்து கிடந்தார். கொக்கி கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறான். அவன் முதுகில் விழுந்த செம்பு இடுப்பு வரை வழிந்து அப்படியே உறைந்துவிட்டது. சவக்கிடங்கில் அதைப் பெயர்த்தெடுக்கப் பார்த்தார்கள். சதையும் சேர்ந்து வந்ததால் விட்டுவிட்டார்கள். மறுநாள் பெட்டியைத் தூக்க நால்வர் குனிந்தார்கள். தரையை விட்டு அசையவில்லை. எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

தலைமாட்டில் தோள் கொடுத்தவன் கொக்கியின் அண்ணன். அதே ஆலையில் ஃபிட்டர். அவன் அழவில்லை. மண் தள்ளி முடிந்ததும், "எவன்டா ஊத்தச் சொன்னது?" என்று மட்டும் கேட்டான்.

ஊற்றச் சொன்னது ஷிப்ட் மேஸ்திரி. அந்த நேரத்தில் அவன், ஆலையின் உலோகப் பொறியாளர் வீட்டுச் சமையலறையில், அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவே குறுகி உட்கார்ந்திருந்தான். பொறியாளரின் மனைவிக்கு அவன் தம்பி.

பொறியாளரை யாரும் பொறியாளர் என்று சொல்வதில்லை. அவர் நுரைக்காரர். படித்து முடித்த கையோடு அவர் வந்து சேர்ந்தபோது சுரங்கம் மூடும் நிலையில் இருந்தது. நல்ல பாறையெல்லாம் தீர்ந்து, மிச்சமிருந்த பாறையில் செம்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் கலந்திருந்தது. அவர் அந்தப் பாறையை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதச் சொன்னார். கல் அடியில் தங்கியது. செம்பு குமிழிகளைப் பிடித்துக்கொண்டு நுரையாக மேலே வந்தது. "மலையைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட ஆள் வந்திருக்காரு" என்று மொட்டைதான் முதலில் சிரித்தார். நுரையை வழித்துக் காய வைத்து உருக்கியபோது வந்த செம்பைப் பார்த்து, "அப்ப என் பொண்டாட்டி துவைக்கிற தண்ணியையும் கொண்டாரேன், ரெண்டு கிலோ தேறும்" என்றவரும் அவர்தான். தாத்தா காலத்தில் வீணென்று கொட்டிய கல்மேடுகளைக்கூட மறுபடி அரைத்தார்கள். சுரங்கம் மூடவில்லை.

அதற்குப் பிறகு நுரைக்காரர் செய்ததெல்லாம் அப்படிப்பட்ட வேலைகள்தான். புகைபோக்கி வழியே போய்க்கொண்டிருந்த செம்புத் தூசியைப் பிடித்து உலைக்கே திருப்பினார். உலைக்கழிவை இடித்து அரைத்து, கடைசியாக, லேடிலுக்குப் பூசும் சாந்தை உண்டாக்கினார். முன்பு செங்கல் அடுக்கி, தொட்டிக்குள் கரியைக் கொட்டி, விடிய விடிய எரித்துக் காய வைப்பார்கள். புதிய சாந்தைப் பூசி, மேலே மூடி போட்டு, மூடியின் துளை வழியே எரிவாயுச் சுடரை இறக்கினால் அரை ஷிப்டில் காய்ந்துவிடும். வேறு இரண்டு ஆலைகள் இந்தச் சாந்தைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தன.

வெடித்தது அந்தச் சாந்து பூசிய லேடில்தான்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் ஜீப்பில் வந்தார். காற்று ஆலைப் பக்கமிருந்து அடித்ததால் கந்தகப் புகை தெருவுக்குள் இறங்கியிருந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"சார், உங்க சாந்து மேல ஒரு குறையும் இல்லைன்னு மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. அடியில வெப்பம் காட்டுற கம்பிய விட்டுப் பாக்கணும்ங்கிறது விதி. பாக்காம ஊத்தினது உங்க மச்சினன்."

"கம்பி உடைஞ்சு பத்து நாளாச்சு. மாத்துக் கம்பி ஏன் வரல?"

"அது ஸ்டோர் சமாச்சாரம். அதை இதோட போட்டுக் குழப்பாதீங்க." மேனேஜர் சமையலறைத் திரையைப் பார்த்தார். "அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. நீங்களும் சொல்லாதீங்க. ஆனா எல்லாத்தையும் அவரு தலையில கட்டிட்டா எல்லாருக்கும் நல்லது. ஏன், அவருக்குமே நல்லது. ரெண்டு வருஷம் உள்ள இருந்துட்டு வந்தா உசிராவது மிஞ்சும். வெளிய நிலவரம் சரியில்ல."

ஜீப் போனதும் மனைவி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னவாம் அந்த ஆளுக்கு?"

"உன் தம்பியைக் குடுங்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டீ ஆறுதுன்னேன்."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய், டீயைத் தொட்டியில் ஓங்கி ஊற்றினாள். பிறகு தட்டில் சோறும் பருப்பும் போட்டு, ஒரு முட்டையைப் பொரித்து வைத்து, தம்பியின் முன்னால் தள்ளினாள்.

"தின்னு."

"வேணாங்க்கா."

"மூணு நாளா இதையே சொல்லு. பட்டினி கெடந்து செத்துத் தொலைஞ்சா நான்ல பதில் சொல்லணும்?"

"உனக்கெதுக்குச் சிரமம். அவங்களே வந்து கொன்னுட்டுப் போவாங்க."

அக்கா பளாரென்று அறைந்தாள். தட்டு உருண்டது. அவளே குனிந்து சோற்றை அள்ளினாள். "மொட்டை அண்ணன் பொண்டாட்டி மார்க்கெட்ல என்னப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சுடா. நான் என்னடா பண்ணேன்?"

வெடிப்பில் வெந்த இடது கையில் மேஸ்திரி முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தான். வலது கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டு, வாசலில் நின்ற நுரைக்காரரைப் பார்த்தான்.

"மாமா, கம்பி உடைஞ்சது நெசம்தான். ஆனா ஒரு விஷயம். கம்பி இருந்திருந்தாலும் அன்னிக்கு நான் விட்டுப் பாத்திருக்க மாட்டேன்."

"ஏன்?"

"உலை ரொம்பிருச்சு. மொட்டை அண்ணன் கத்துறாரு, இன்னும் வெச்சிருந்தா ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வரும், ஊத்துறியா இல்லையான்னு. நான் போய் டப்பாவைத் தொட்டுப் பாத்தேன். கை வைக்க முடியல. சோறு சுடுது, ஊத்துன்னுட்டேன்."

"எந்த டப்பா?"

"சாப்பாட்டு டப்பாதான். விளிம்புல வைப்போம்ல."

உலைக்கூடத்தில் அது காலங்காலமாக நடப்பது. காய்ந்துகொண்டிருக்கும் லேடிலின் அகலமான விளிம்பில் எல்லோரும் தங்கள் சாப்பாட்டு டப்பாக்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். கரி எரித்த நாளில் நெருப்பு தொட்டியின் அடியில் கிடந்தது. சூடு அங்கிருந்து மெல்ல ஏறி விளிம்புக்குக் கடைசியில்தான் வரும். டப்பா சுட்டால் லேடில் முழுக்கக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. சோறு சூடாகும்போது லேடிலும் தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

நுரைக்காரர் இரண்டே எட்டில் போய் மச்சினனின் கழுத்தைப் பிடித்தார். அவர் யார் மீதும் கை ஓங்கி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அவனைத் தூக்கிச் சுவரோடு அழுத்தினார். அலமாரியிலிருந்து ஒரு பாட்டில் விழுந்து உடைந்தது.

"எந்த முட்டாப் பயடா டப்பாவைப் பாத்து ஊத்துவான்! இப்ப நெருப்பு மேல இருந்துடா வருது! விளிம்பு மொதல்ல சுட்டுரும், ஈரமெல்லாம் அடியில போய்த் தேங்கும்! அடி கடைசியிலதான்டா காயும்! கடைசியில!" ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் தலை சுவரில் இடித்தது.

"விடுங்க, செத்துருவான், விடுங்க!" மனைவி அவர் பனியனைப் பிடித்து இழுத்தாள். அது கிழிந்து கையோடு வந்தது.

மேஸ்திரி திமிறவில்லை. மூச்சு வாங்கியபடி சொன்னான்: "நீங்களும் வெச்சீங்களே மாமா."

"என்ன?"

"மொத நாளு. புதுச் சாந்துல மொதல்ல செம்பு ஊத்தின அன்னிக்கு. நீங்களே உங்க டப்பாவக் கொண்டாந்து விளிம்புல வெச்சீங்க. எல்லார் கூடவும் உக்காந்து சாப்பிட்டீங்க. சாப்பிட்டு எந்திரிச்சு, ஊத்துங்கப்பான்னீங்க. நாங்க ஊத்தினோம். அப்புறம் தெனமும் அதான்."

நுரைக்காரரின் கை தளர்ந்தது. மச்சினன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

அவன் சொன்னது உண்மை. புதிய சாந்தின் முதல் நாள் அவர் இருட்டோடு போய்ச் சுடரைப் பற்றவைத்திருந்தார். யாரும் வருவதற்குள் அடியில் இரண்டு முறை கம்பி விட்டுப் பார்த்தாயிற்று. மற்ற நாட்களுக்கு வகுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் காய விட்டிருந்தார். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகுதான், தொழிலாளர்களின் முகத்திலிருந்த பயத்தைப் பார்த்து, தன் டப்பாவை எடுத்து அவர்களுடைய டப்பாக்களுக்கு நடுவில் வைத்தார். மொட்டை அதைப் பார்த்துவிட்டு, "அய்யா வீட்டுக் குழம்பும் நம்ம வீட்டுக் குழம்பும் ஒரே அடுப்புல ஏறிருச்சுடா" என்றார். கொக்கி நுரைக்காரருடைய டப்பாவிலிருந்து ஒரு முட்டையைக் கேட்காமலே எடுத்துத் தின்றான். கூடமே சிரித்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு முதல் கல் வந்து முன்னறை ஜன்னலை உடைத்தது.

தெருவில் அறுபது எழுபது பேர் நின்றார்கள். பாதிப்பேர் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள். வேலை உடுப்பு, கையில் கடப்பாரை, உலைக்கழிவு குத்தும் நீளக் கம்பி. பக்கத்து வீடுகளில் கதவுகள் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது. புகையில் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. யாரோ நுரைக்காரரின் சைக்கிளைத் தூக்கி மதிலில் அடித்தார்கள்.

"மேஸ்திரி நாயே, வெளிய வாடா!"

"அக்கா சேலைக்குள்ள எத்தன நாளுடா ஒளிவே?"

ஃபிட்டர் முன்னால் வந்தான். கையில் முழங்கை நீளத்துக்குப் பைப் ஸ்பேனர்.

"அய்யா! உங்க மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல. இந்த ஊர்ல அடுப்பெரியறதே உங்களாலதான். உங்க மேலயோ அக்கா மேலயோ ஒரு விரல் படாது. அவன மட்டும் அனுப்புங்க."

உள்ளே மேஸ்திரி, "நான் போறேன் மாமா" என்றான். சொன்னானே தவிர எழுந்திருக்கவில்லை.

"நீ வாய மூடு" என்றாள் அக்கா. கணவரிடம், "நீங்களும் போகாதீங்க. போன் பண்ணியாச்சு. போலீஸ் வரட்டும்" என்றாள்.

"அதுக்குள்ள கதவப் பேத்துருவாங்க" என்றார் அவர். கிழிந்த பனியனோடு தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போனார். "உள்ள பூட்டிக்க."

அவரைப் பார்த்ததும் சத்தம் குறைந்தது. பின்னால் நின்ற ஒருவர் பழக்கத்தில் வணக்கம்கூட வைத்தார்.

"அவன் தப்பில்லப்பா" என்றார் நுரைக்காரர். "என் தப்பு."

"அய்யா, மச்சினன்னு பாக்காதீங்க" என்றான் ஃபிட்டர்.

"மச்சினன்னு பாக்கல. விளிம்பு சுட்டா அடியும் காஞ்சிருக்கும்னு அவன் நெனச்சான். பழைய கரி அடுப்புக்கு அது சரி. என் சுடருக்கு அது தலைகீழ். விளிம்பு மொதல்ல, அடி கடைசியில."

"இந்தப் படிப்பெல்லாம் எங்களுக்கு வேணாம். டப்பாவப் பாத்து ஊத்தச் சொன்னவன் அவன்."

"டப்பா வெச்சுக் காமிச்சது நான்." அவர் ஃபிட்டரை நோக்கி ஓரெட்டு வைத்தார். "மொத நாளு நீயும் அங்கதான் இருந்தே, வால்வு மாட்ட வந்திருந்தே. என் டப்பாவப் பாத்தேல்ல? நான் அதுக்கு முன்னாடியே கம்பி விட்டுப் பாத்துட்டேன். ரெண்டு தடவ. ரெண்டு மடங்கு நேரம் காய விட்டிருந்தேன். அப்புறந்தான் டப்பா வெச்சேன்."

ஃபிட்டர் அவர் முகத்தையே பார்த்தான். அவன் கருவிகளோடு வேலை செய்பவன். அவர் சொல்வது என்னவென்று கூட்டத்தில் மற்றவர்களுக்கு முன்னால் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"விளிம்பு மொதல்ல சுடும்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்."

"இவங்க டப்பாவத்தான் பாப்பாங்கன்னு தெரியும்."

"பாப்பாங்கன்னு... யோசிக்கல. தெரிஞ்சிருக்கணும். நானும் கரி அடுப்புக் காலத்துல டப்பா வெச்சவன்தான்."

"சொல்லியிருக்கலாம்ல? டப்பாவ நம்பாதீங்கடான்னு ஒரு வார்த்த?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

நுரைக்காரர், "எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தோம்" என்றார்.

ஸ்பேனர் அவர் தாடையில் விழுந்தது. கட்டை முறிவது போல ஒரு சத்தம். அவர் மதிலில் சாய்ந்து, வலது கையை முகத்துக்கு முன் கொண்டுவந்தார். இரண்டாவது அடி அந்தக் கையில் விழுந்தது. அதுவரை தயங்கி நின்றவர்கள், அவர் கீழே விழுந்ததும் தயங்கவில்லை. வணக்கம் வைத்தவரும் உதைத்தார். யாரும் திட்டவில்லை, பூட்ஸ் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும்தான் கேட்டன. கழிவு குத்தும் கம்பியை ஓங்கிய ஒருவனை, "வேணாம், அது வேணாம்" என்று ஃபிட்டரே பிடித்துத் தள்ளினான். தள்ளிவிட்டுத் தானும் ஒரு முறை உதைத்தான்.

மனைவி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரம் கையில். முன்னால் நின்றவன் முகத்தைப் பார்க்காமல் வீசினாள். ஓர் ஆள் அலறிக்கொண்டு உருண்டான். கூட்டம் விலகியது. அவள் காலிப் பாத்திரத்தாலேயே அகப்பட்டவர்களையெல்லாம் அடித்தாள். "சோறு தின்னீங்கள்ளடா இந்தாளு கையால! தின்னீங்கள்ள!" ஒருவரும் அவளைத் திருப்பி அடிக்கவில்லை. ஃபிட்டர் ஸ்பேனரைத் தரையில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் அழுதான். போலீஸ் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டபோது மற்றவர்கள் போய்விட்டார்கள்.

அவள் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள். "டேய், வாடா, மாமாவத் தூக்கணும், வாடா" என்று கத்திக்கொண்டே சமையலறைக்குள் போனாள். அரிசி டின்னுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. கொல்லை மதிலில், கட்டுப் போட்ட கை உராய்ந்த இடத்தில், புதிதாக ரத்தம் இருந்தது.

நுரைக்காரர் ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் இருந்தார். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போயின. அடித்தவர்களை அடையாளம் காட்டச் சொன்னபோது, புகையில் யார் முகமும் தெரியவில்லை என்று இடது கையால் எழுதிக் கொடுத்தார். ஃபிட்டர் மீது வழக்கு நிற்கவில்லை.

விசாரணை மே மாதம் நடந்தது. மேஸ்திரி தன் வக்கீலோடு வந்தான். டப்பா வைக்கும் வழக்கத்தையும், முதல் நாள் பொறியாளரே டப்பா வைத்துச் சாப்பிட்டதையும், டப்பாவை நம்பக் கூடாது என்று அவர் எவரிடமும் சொல்லவில்லை என்பதையும் சொன்னான். அதில் பொய் எதுவும் இல்லை. அக்கா முதல் வரிசையில் இருந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் சொன்னது உண்மையா என்று கேட்டார்கள். நுரைக்காரர் தலையசைத்தார். உடைந்த வெப்பக் கம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். போவதற்கு முன் அவர் மனைவியைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து ஆலைக்கு அனுப்பினார்: சுடரைக் கீழிருந்து விடுவது, லேடிலின் இரும்பு அடிப்பகுதியில் ஆவி வெளியேறத் துளைகள் போடுவது. மேனேஜர் அதை ஏற்றுக்கொண்டார். சாந்தை மூன்று ஆலைகள் இன்றும் பயன்படுத்துகின்றன.

ஜூன் மாதம் மேஸ்திரி இரண்டாம் உலைக்கூடத்தில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தான். அதே மாதம் எல்லா லேடில்களுக்கும் அடியில் துளை போட்டார்கள். போட்டவன் ஃபிட்டர்.